பல் போனால் படம் போச்சு!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து அக்கா போன் பண்ணி, "டேய் ரகு, உடனே கிளம்பி வா" என்றால் அதற்கு மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அத்திம்பேருடன் சண்டை. இரண்டு, இன்கம்டாக்ஸ் ரிடர்ன். மூன்று, இன்கம்டாக்ஸ் ரிடர்ன் சம்பந்தமாக அத்திம்பேருடன் சண்டை.

குடும்பத்தில் பி.காம். படித்த ஒரே ஜீவன் அடியேன்தான். அத்திம்பேர் பாங்க்கில் வேலை பார்க்கிறார். ஆனால் படித்தது பாட்டனி. ஆகவே கணக்கு என்று எது வந்தாலும் அடையாறிலிருந்து நான் ஸ்கூட்டரை உதைக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்தால், இந்தத் தடவை நாலாவதாக ஒரு காரணம் முளைத்திருந்தது. ரம்யா மாடல் ஆகப் போகிறாளாம்!

ரம்யா அக்காவின் பெண். வயசு ஏழு. ரெண்டாம் கிளாஸ். முதல் நாள் சாயங்காலம் நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தவளை ஒரு ஆசாமி உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க பொண்ணுக்கு காமிரா முகம்" என்று சொல்லி விசிட்டிங் கார்டு ஒன்றையும் நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த நிமிஷத்திலிருந்து அக்காவின் கால் தரையில் பாவவில்லை.

"நானும் எத்தனை விளம்பரம் பார்க்கறேன். அதிலே வர்ற குழந்தைகளெல்லாம் நம்ம ரம்யாவுக்கு உறை போடக் காணுமாடா?"

"ரம்யா என்ன சொல்றா?"

"அவளுக்கென்ன தெரியும், குழந்தை!"

இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அத்திம்பேர் கண்ணாடி முன்னால் நின்று தன் மூக்கைத் தானே மூன்று கோணத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு என்னோடதுதான் ரகு" என்றார், யாரும் கேட்காமலே.

விசிட்டிங் கார்டு ஆபீஸ் தி. நகரில், உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. சுவர் முழுக்க சினிமா நட்சத்திரங்களின் படங்கள். அதில் ஒருவராவது அந்த மாடிப்படியை மிதித்திருப்பார்களா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். டை கட்டிய இளைஞர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்து, ரம்யாவின் கன்னத்தைத் தட்டி, "செலெக்டட்!" என்றார்.

டெஸ்ட்டே வைக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. செலெக்டட்!

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. போர்ட்ஃபோலியோ ஒண்ணு பண்ணணும். சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு மூணு பாக்கேஜ் இருக்கு. பிளாட்டினம் 27,500. அதுல நாலு டிரெஸ், மேக்கப், ஆல்பம் எல்லாம் அடக்கம்."

"பில் தருவீங்களா?" என்றேன்.

"பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. கூட ஆகும் சார். எதுக்கு வீணா?"

கல்லூரியில் எனக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒரு விதியை மண்டையில் குட்டிக் குட்டி ஏற்றினார். "டெபிட் தி ரிஸீவர், கிரெடிட் தி கிவர்." வாங்குகிறவனைப் பற்றில் எழுது, கொடுக்கிறவனை வரவில் எழுது. அந்த ஆபீஸில் கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அக்கா ஏற்கெனவே போனில் பணத்தைத் தட்டிவிட்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை போட்டோ பிடித்தார்கள். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். பட்டுப்பாவாடை, ஜீன்ஸ், பரதநாட்டிய டிரெஸ் என்று வரிசையாக வந்தது. லைட் சூட்டில் குழந்தைக்கு வியர்க்க வியர்க்க, அக்கா பவுடர் ஒற்றிக்கொண்டே இருந்தாள். மூன்று மணி சுமாருக்கு, நாலாவது டிரெஸ் மாற்றும்போது ரம்யா, "போதும்மா, வீட்டுக்குப் போலாம்மா" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணுடி கண்ணா" என்றாள் அக்கா.

"சிரிச்சா சாக்லேட்" என்றார் அத்திம்பேர்.

"சமத்தா நில்லு, மாமா இருக்கேன்ல?" என்று சொன்னது யார் தெரியுமா? சாட்சாத் அடியேன்தான்.

குழந்தை சிரித்தது. ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. வாய் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் வந்தால் நான் சட்டென்று புரட்டிவிடுவேன்.

ஆல்பம் கைக்கு வந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் ரம்யா தேன்குழலைக் கடித்தாள். 'டொக்'. மேல் வரிசை முன்பல் தட்டில்!

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் பல் போய் 27,500 ரூபாய் போச்சு. டை இளைஞருக்குப் போன் போட்டால், "லுக் மாறிடுச்சே மேடம்! புது போர்ட்ஃபோலியோ பண்ணணும். உங்களுக்காக 30 பர்சென்ட் தள்ளுபடி" என்றார். அத்திம்பேர் பதிலுக்குப் பாட்டனியில் இல்லாத சில வார்த்தைகளைச் சொன்னார். அதற்கப்புறம் அந்த நம்பர் எப்போதும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே'தான்.

விளம்பரப் படங்களில் அசிஸ்டென்ட் டைரக்டராக இருக்கும் நண்பன் ஒருவனைப் பிடித்தேன். கதையைக் கேட்டு, குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறச் சிரித்தான்.

"ஏழு வயசுக் குழந்தைக்கு ஆல்பமா? ஆறு மாசத்துக்கு ஒரு முகம் மாறுமேடா! வீட்டு ஜன்னல் வெளிச்சத்துல, வெள்ளைச் சுவர் முன்னால, மேக்கப் இல்லாம செல்போன்ல நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முழு உருவமா ஒண்ணு, பேர் சொல்ற மாதிரி சின்ன வீடியோ ஒண்ணு. அவ்வளவுதான். செலவு சைபர்."

"அப்போ ஏஜெண்டுக்குக் காசு?"

"நல்ல ஏஜெண்ட், குழந்தைக்கு வேலை கிடைச்சப்புறம் அந்தச் சம்பளத்துலதான் கமிஷன் எடுப்பான். வேலை கிடைக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட காசு கேட்டா, அங்கே மாடல் உன் அக்கா பொண்ணு இல்லை. கஸ்டமர் நீ!"

இதைத்தான் என் வாத்தியார் ஒரு வரியில் சொன்னார். நான்தான் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனேன்.

விட்ட பணத்துக்கு வட்டியாக அறிவாவது மிஞ்சட்டும் என்று அன்று ராத்திரி சட்டத்தைப் புரட்டினேன். நம் நாட்டில் 14 வயசு நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைக்கக்கூடாது. 1986-ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தி இதை இறுக்கினார்கள். சினிமா, டி.வி., விளம்பரத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குக்கு 2017-ல் வந்த விதிகள் கடிவாளம் போட்டிருக்கின்றன. படம் எடுப்பவர் மாவட்ட கலெக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சென்னையில் என்றால் ராஜாஜி சாலைக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. பள்ளிப் படிப்பு நிற்கக்கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தையின் பெயரில் தேசியமயமான வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக நேரடியாகப் போய் விழ வேண்டும்.

கடைசியாக ஒன்று. குழந்தையின் விருப்பத்துக்கு விரோதமாக அதை நடிக்க வைக்கவே கூடாது.

இந்த வரியைப் படித்ததும் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அவளுக்கென்ன தெரியும், குழந்தை!" என்று நாங்கள் சொன்னோம். அவளுக்குத் தெரியும் என்று சட்டம் சொல்கிறது.

அந்த 20 சதவிகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஜாக்கி கூகனின் கதை. 1921-ல் சாப்ளின் 'தி கிட்' எடுத்தார் அல்லவா, அதில் கிழிந்த தொப்பியுடன் வந்து உலகத்தையே அழவைத்த பொடியன்தான் ஜாக்கி. முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு. வளர்ந்து ஆளாகி, "என் பணம் எங்கே?" என்று கேட்டான். அம்மாவும் அவள் மறுபடி கட்டிக்கொண்ட கணவரும் கைவிரித்தார்கள். குழந்தை சம்பாதித்தது பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அங்கே அப்போது சட்டம். 1938-ல் கோர்ட்டுக்குப் போனான். மிஞ்சியது சுமார் ஒண்ணேகால் லட்சம் டாலர். அந்தக் கூத்தைப் பார்த்துத்தான் 1939-ல் கலிஃபோர்னியாவில் அவன் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. அங்கே இன்றைக்குக் குழந்தைக்காக ஒதுக்க வேண்டியது 15 சதவிகிதம். நம் ஊர் விதியில் 20. இந்த ஒரு விஷயத்தில் ஹாலிவுட்டைவிடக் கோலிவுட் ஐந்து பர்சென்ட் உசத்தி!

இது சின்னக் குழந்தைகள் சமாசாரம். வீட்டில் பதினெட்டு வயசுத் தம்பியோ தங்கையோ மாடலிங் என்று கிளம்பினால்? உடனே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காதீர்கள். அரவிந்த்சாமி லயோலாவில் படிக்கும்போது கைச்செலவுக்காக விளம்பரத்தில் தலை காட்டியவர்தான். அதைப் பார்த்துத்தான் மணிரத்னம் கூப்பிட்டார். 1991-ல் 'தளபதி', 1992-ல் 'ரோஜா'. ஆனால் அவர் படிப்பை விடவில்லை. பி.காம். முடித்தார், அமெரிக்கா போய் மேல்படிப்பும் படித்தார். நடுவில் பல வருஷம் சினிமா பக்கமே வராமல் பிசினஸ் பார்த்தார். 2015-ல் 'தனி ஒருவன்' வந்தபோது எழுந்து நின்று கை தட்டினோம். த்ரிஷாவும் 1999-ல் மிஸ் மெட்ராஸ் பட்டம் வாங்கியவர், எத்திராஜ் கல்லூரி மாணவி. முகம் என்பது வாடகை வீடு மாதிரி. எப்போது காலி பண்ணச் சொல்வார்கள் என்று தெரியாது. டிகிரி சொந்த வீடு. (அரவிந்த்சாமியும் பி.காம்., நானும் பி.காம். ஒற்றுமை அத்தோடு முடிகிறது.)

சரி, 27,500 ரூபாய் ஃபீஸ் கட்டி நான் கற்ற பாடத்தை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன். 'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். அக்கா, அண்ணன் என்று யாராவது உங்களுக்கும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

1. முதலில் குழந்தையைக் கேளுங்கள். 'பண்றியா?' என்று ஆரம்பத்தில் கேட்டால் மட்டும் போதாது. நடுவில் 'போதும்' என்றால் அந்த இடத்திலேயே மூட்டை கட்டத் தயாராக இருங்கள்.

2. ரெஜிஸ்ட்ரேஷன், போர்ட்ஃபோலியோ, 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். டீயையும் குடிக்காவிட்டால் இன்னும் உத்தமம்.

3. 'இதுவரை எந்தெந்த விளம்பரத்துக்கு ஆள் கொடுத்திருக்கீங்க?' என்று கேளுங்கள். பதிலை அந்தக் கம்பெனியிலேயே விசாரியுங்கள். கலெக்டர் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

4. பெற்றவர்களில் ஒருவர் குழந்தையின் பார்வையிலேயே இருக்க வேண்டும். 'குழந்தையை மட்டும் உள்ளே அனுப்புங்க' என்றாலோ, கண்ட கண்ட படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலோ, யோசிக்கவே வேண்டாம், கிளம்புங்கள். தப்பு நடந்ததாகத் தெரிந்தால் 1098-க்குப் போன் போடுங்கள். போக்ஸோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. 'வெளியே தெரிஞ்சா அசிங்கம்' என்று மூடி மறைப்பது, தப்பு செய்தவனுக்கு நாம் கொடுக்கும் போனஸ்.

5. ஒப்பந்தத்தை முழுக்கப் படியுங்கள். பி.காம். படித்த எவனையாவது தூக்கத்தில் எழுப்பி 'மோஹரி பீபி' என்று சொல்லிப் பாருங்கள். '1903, பிரிவி கவுன்சில், மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது' என்று ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். குழந்தை கையெழுத்துப் போட முடியாது, நீங்கள்தான் போட வேண்டும். படம் எத்தனை வருஷம், எந்தெந்த ஊரில், பேப்பரிலா டி.வி.யிலா என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ஒரு பிஸ்கெட் விளம்பரத்தில் நடித்தால் இன்னொரு பிஸ்கெட்டில் நடிக்கக்கூடாது என்ற ஷரத்தும் இருக்கலாம். அது எத்தனை மாசத்துக்கு என்றும் பாருங்கள்.

6. குழந்தை தன் திறமையால் சம்பாதிக்கும் பணத்தை அப்பா, அம்மா வருமானத்தோடு சேர்க்க மாட்டார்கள். அது குழந்தையின் தனிக்கணக்கு. மைனருக்கும் பான் கார்டு வாங்கலாம். ஆனால் அந்தப் பணத்தைப் போட்டு வரும் வட்டி பெற்றவர் கணக்கில் ஏறும். அத்திம்பேர்கள் கவனிக்கவும்.

7. பெரும்பாலான ஆடிஷன்களில் பதில் 'இல்லை' என்றுதான் வரும். தேவை குண்டுக் குழந்தையாக இருக்கும், நம்முடையது ஒல்லியாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். 'நீ அழகா இல்லைன்னு சொல்லிட்டாங்க' என்ற அர்த்தம் குழந்தையின் மனசில் ஏறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. அதைச் செய்ய முடியாது என்று தோன்றினால் ஆடிஷன் பக்கமே போகாதீர்கள்.

இனி, கிளைமாக்ஸ்.

ஆறு மாசம் கழித்து, புதுப்பல் முளைத்தபிறகு, நண்பனே ஒரு நாள் கூப்பிட்டான். ஜவுளிக் கடை விளம்பரம், பட்டுப்பாவாடை, அரை நாள் வேலை, சம்பளம் 6,000. இந்தத் தடவை அக்கா வாயைத் திறக்கும் முன்னால் நான் ரம்யாவைக் கேட்டேன்.

அவள் நிதானமாக யோசித்தாள். "எத்தனை டிரெஸ்?"

"ஒண்ணுதான்."

"நான் போதும்னா?"

"அந்த நிமிஷமே ஸ்கூட்டர்ல கிளம்பிடுவோம். மாமா சத்தியம்."

"அப்போ சரி."

கலெக்டர் அனுமதியைக் காட்டினார்கள். ஒப்பந்தத்தில் 'எக்காலத்துக்கும், பிரபஞ்சம் முழுவதும்' படத்தை உபயோகிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. செவ்வாய் கிரகத்தில் யார் பட்டுப்பாவாடை வாங்கப் போகிறார்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே 'ஒரு வருஷம், தமிழ்நாடு' என்று மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டால் மாற்றுகிறார்கள், சார்! நாம்தான் கேட்பதில்லை. இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ரம்யா ஒரு தடவைகூட 'போதும்' சொல்லவில்லை. சொல்லலாம் என்று தெரிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பணம் வர மூன்று மாசம் ஆயிற்று. இந்தத் தொழிலில் அது சகஜமாம். 1,200 ரூபாய் ரம்யா பெயரில் ஃபிக்ஸட் டெபாசிட். ரசீதை அத்திம்பேர் பூஜை ரூம் உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் இருந்தேன்.

ரம்யா ரசீதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள். அவளுக்கு அப்போது கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது, கிளாஸில்.

"ஆறாயிரத்துல ஆயிரத்து இருநூறு போனா... மாமா, மீதி நாலாயிரத்து எண்ணூறு எங்கே?"

அத்திம்பேர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். அக்கா அவசரமாகச் சமையலறைக்குள் போனாள். அங்கே புது மிக்ஸி 'சர்ர்ர்ர்' என்று ஓடும் சத்தம் கேட்டது.

என் வாத்தியாரை மனசில் நினைத்துக்கொண்டு, ரம்யாவின் ரஃப் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து எழுதினேன்: 'பற்று: அம்மா கணக்கு, ரூ. 4,800. வரவு: ரம்யா கணக்கு, ரூ. 4,800.' அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அக்காவிடமிருந்து போன். "போட்டாச்சுடா, அவ அக்கவுண்ட்ல. இப்போ திருப்திதானே?"

பின்னாலிருந்து ரம்யாவின் குரல்: "அம்மா, அந்தப் பேப்பரை இப்போ நான் கிழிக்கலாமா?"